எட்டு மீட்டர்

ப்ளூமெனாவில் வீடு தேடுகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் தெருவின் அளவைக் கேட்கிறார்கள். ஆறு எத்தனை மீட்டர் ஏறினால் அந்தத் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்பதுதான் அளவு. நகராட்சி இதற்குப் பட்டியலே வைத்திருக்கிறது. ஆற்று மட்டம் 8 மீட்டரைத் தொட்டால் வெள்ளம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்கு மேல் ஏற ஏற, எந்தத் தெரு முதலில் போகும், எது தாக்குப்பிடிக்கும் என்று இங்கே வளர்ந்தவர்களுக்கு மனப்பாடம். மழைக்காலத்தில் சாப்பாட்டு மேசையிலும் பேருந்திலும் அந்த எண்ணைத்தான் விசாரித்துக்கொள்கிறார்கள்.

பிரேசிலின் தெற்கே, சாந்தா கத்தரீனா மாநிலத்தில், இதஜாயீ-அசூ ஆற்றின் வளைவில் இருக்கிறது ஊர். 2022 கணக்கெடுப்பின்படி 3,60,000 பேருக்குச் சற்று அதிகம். துணி ஆலைகளும் பனியன் தொழிலும் இதன் நெடுநாள் பிழைப்பு. வெளியில் இதன் பெயர் தெரிந்திருப்பது அக்டோபர்ஃபெஸ்டால். ஜெர்மனிக்கு வெளியே நடக்கும் பீர் திருவிழாக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

விழாவைப் பற்றி எழுதத்தான் குறிப்பேட்டைத் திறந்தேன். ஆற்றில் ஆரம்பித்திருக்கிறேன். இருக்கட்டும்.

*

1983 ஜூலை. எல் நினோ ஆண்டு. ஆறு 15.34 மீட்டர் ஏறியது. கடைத்தெரு, ஆலை, பள்ளி, மாதா கோயில் எல்லாம் தண்ணீருக்குள். ஊர் பல நாள் அப்படியே கிடந்தது. சேற்றை அள்ளி, சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, கடன் வாங்கிச் சரக்கு நிரப்பி நிமிர்ந்தபோது அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடி வந்தது. இந்த முறை 15.46.

ஒரு வெள்ளத்தை ஊர்கள் தாங்கிவிடும். புதிதாகப் பூசிய சுவரை மறு வருஷமே தண்ணீர் எடுத்துக்கொண்டால் இங்கேயே இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழும். 1880-ல் 17.10 மீட்டரும் 1911-ல் 16.90 மீட்டரும் பார்த்த ஆறு இது என்று தாத்தாக்கள் சொன்னதுகூட அப்போது ஆறுதலாக இருந்திருக்காது.

அந்த ஆகஸ்ட் முடிந்து இரண்டே மாதத்தில், 1984 அக்டோபரில், முதல் விழா. 10 நாள். இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஊரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கண்காட்சி மண்டபத்துக்கு வந்தார்கள். மக்களுக்குத் தெம்பு கொடுக்கவும், வெள்ளத்தில் அடிபட்ட ஊருக்குப் பணம் வரவும் தொடங்கிய விழா என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பேச்சு அதற்கு முன்பே இருந்தது என்பாரும் உண்டு. இதே மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள இதப்பிராங்கா 1978 முதலே அக்டோபர்ஃபெஸ்ட் கொண்டாடி வருகிறது. எண்ணம் எப்போது தோன்றியிருந்தாலும், சேறு காயாத தெருவில் அதை நடத்திக் காட்டியவர்களை நான் வணங்குகிறேன். தரையைக் கழுவிவிட்டு அதன் மேலேயே ஆடியிருக்கிறார்கள்.

*

மூல விழா மியூனிக்கில். 1810 அக்டோபர் 12 அன்று பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் கல்யாணம். சில நாள் கழித்து ஊருக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம். அந்தப் புல்வெளிக்கு மணப்பெண்ணின் பெயரே நிலைத்தது. மறு வருஷமும் பந்தயம் வைத்தார்கள், விழா பிறந்தது. பீர் அதற்குள் பிற்பாடு பெருகிய விஷயம். குளிருக்குப் பயந்து இப்போது அங்கே செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறார்கள்.

இங்கே அக்டோபர் என்றால் வசந்தம். மரங்கள் பூத்திருக்கின்றன. கூடவே மழையும் உண்டு. வடகோளத்தின் அறுவடைக் காலத்து விழாவைத் தென்கோளத்தின் பூக்காலத்தில் நட்டிருக்கிறார்கள். வேர் பிடித்துவிட்டது.

*

விழா நடக்கும் விலா ஜெர்மானிகா வளாகம், சாயங்காலம்.

வாசலில் வருகிறவர்களின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பலர் சொந்தக் குவளையைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு விரல் அகலத் துணிப்பட்டை, நுனியில் கொக்கி, கொக்கியில் கைப்பிடியோடு குவளை. பட்டையில் ஒவ்வோர் ஆண்டின் சின்னத்தையும் குத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பெரியவரின் பட்டையில் துணியே தெரியவில்லை. அவருடைய குவளை மண்ணால் செய்தது, விளிம்பில் சின்ன உடைசல். தண்ணீரில் அலசி, கவிழ்த்து உதறி, ஊற்றுபவரிடம் நீட்டினார். ஊற்றிய பையன் குவளையைச் சாய்த்துப் பிடித்து, முக்கால்வாசி வந்ததும் நிமிர்த்தி, கடைசியில் இரண்டு விரல் அளவுக்கு நுரையை ஏற்றி நிறுத்தினான். பெரியவர் நுரை கொஞ்சம் அடங்கும்வரை பொறுத்துத்தான் வாய் வைத்தார்.

பீப்பாயிலிருந்து நேராகப் பிடிக்கும் பீருக்கு இங்கே ஷோப்பி என்று பெயர். மேலே நிற்கும் நுரையைச் சட்டைக்காலர் என்கிறார்கள். காலர் இல்லாத ஷோப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. நுரை, காற்றுப் பட்டுச் சுவை கெடாமல் மூடி வைக்கிறது. குளிர்ச்சியையும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது. வெப்பமான ஊரில் இந்த இரண்டு விரல் வெண்மைக்கு வேலை அதிகம்.

மேடையில் ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் குடிக்கும் போட்டி. உதட்டிலிருந்து எடுக்கக்கூடாது, சிந்தக்கூடாது. முழுக்க அண்ணாந்தால் குழாயின் அடியில் இருப்பது ஒரே பாய்ச்சலாக முகத்தில் அடிக்கும். தேர்ந்தவர்கள் குழாயை மெல்லச் சுழற்றிக்கொண்டே உயர்த்துகிறார்கள். ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு பிசகாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் முடித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நான் ஒரு குவளையோடு நிறுத்திக்கொண்டேன். குடி குடும்பங்களை என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மண்டபம் நிறைய ஆட்கள் குடிக்கும் இடத்தில் முதலில் உடம்பு இறுகும். எனக்கும் இறுகியது. பிறகு தளர்ந்ததற்குக் காரணம் மேசைகள். நீளமான மேசை, முதுகு சாய இடமில்லாத பெஞ்சு. பாட்டி, மருமகள், பேரன் எல்லோரும் ஒரே பெஞ்சில். பேரன் கையில் வாழைப்பழ குக்கா. மேலே வெண்ணெயும் சர்க்கரையும் உதிரி உதிரியாகத் தூவிச் சுட்ட அடை மாதிரி ரொட்டி. தாத்தாக்களின் ஜெர்மனியில் அதற்கு ஆப்பிளோ பிளம்ஸோ போட்டிருப்பார்கள். இங்கே வாழை விளைந்தது, வாழையைப் போட்டார்கள். பாட்டியின் தட்டில் வாத்துக்கறியும் சிவப்பு முட்டைக்கோஸும். வாத்தியம் உரத்ததும் பாட்டிதான் முதலில் எழுந்தார்.

*

ஊரை நிறுவியவர் ஹெர்மன் ப்ளூமெனாவ் என்ற ஜெர்மன் மருந்தியல் வல்லுநர். 1850 செப்டம்பர் 2 அன்று 17 பேர் கொண்ட முதல் குழு காட்டில் இறங்கியது. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் பொமரேனியா, ஹோல்ஸ்டைன், பிரவுன்ஷ்வைக், சாக்சனி என்று வடக்கையும் கிழக்கையும் சேர்ந்தவர்கள். பவேரியர்கள் சொற்பம்.

ஆனால் விழாவில் எங்கு பார்த்தாலும் பவேரிய உடை. ஆண்களுக்கு முழங்கால்வரை தோல் காற்சட்டை, பெண்களுக்கு இறுக்கிக் கட்டிய மேலங்கியும் முன்தானைத் துணியும். இவர்களுடைய கொள்ளுப்பாட்டி அதைக் கட்டியதே இல்லை. கடைத்தெருவில் மரச்சட்டம் தெரியும் வீடுகளிலும் பல அப்படித்தான். 1970களின் பிற்பகுதியில் அந்தத் தோற்றத்தில் கட்டினால் வரிச்சலுகை என்று நகராட்சி அறிவித்த பிறகு எழுந்தவை. ஒன்று, ஜெர்மனியின் மிஷெல்ஷ்டாட் நகர மண்டபத்தைப் பார்த்து 1978-ல் கட்டிய கடை.

இதைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். காரணம் இரண்டு.

ஒன்று, இந்த மண்ணில் நடந்த வரலாறு. அதிபர் கெத்தூலியோ வர்காஸ் ஆட்சியில், 1938 முதல், ஜெர்மன் மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன, பத்திரிகைகள் நின்றன. 1942-ல் பிரேசில் போரில் இறங்கியதும் தெருவில் ஜெர்மன் பேசினாலே பிடித்து உள்ளே போட்டார்கள். நாஜிகளுக்குக் கொடி பிடித்தவர்கள் இங்கே இருந்தது உண்மை. ஆனால் அடி அவர்களுக்கு மட்டும் விழவில்லை. போர்த்துகீசியம் ஒரு வார்த்தை தெரியாத கிழவிகள் கடைக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டி உப்பு வாங்கியிருக்கிறார்கள். ஒரு தலைமுறை, வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேசப் பழகியது. அப்படி வாயடைத்துக் கிடந்த பிறகு, பாட்டை வெளியில் பாடலாம் என்று வரும்போது எந்த உடையில் பாடுகிறார்கள் என்று குடைவதற்கு எனக்கு மனமில்லை.

இரண்டாவது காரணத்தை ஒரு வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். 1852-ல் இந்தக் காட்டுக்கு வந்தவர்களில் ஃபிரிட்ஸ் முல்லர் ஒருவர். காலில் செருப்பில்லாமல் காட்டில் அலைந்து பூச்சியும் பூவும் ஆராய்ந்தவர். டார்வினுக்கு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதியவர். 1880 வெள்ளத்தில் அவர் தப்பிப் பிழைத்த சேதி கேட்டு, புத்தகமோ கருவியோ போயிருந்தால் தன் செலவில் வாங்கித் தர அனுமதி வேண்டும் என்று டார்வின் முல்லரின் தம்பிக்கு எழுதினார். நல்ல வேளையாக அந்தச் சேதம் நேரவில்லை. அந்த முல்லர் கண்டு சொன்னது இது: பறவைக்குக் கசக்கும் இரண்டு வேறு இனப் பூச்சிகள் ஒரே மாதிரிச் சிறகு தரித்திருக்கின்றன. குஞ்சுப் பறவை ஒன்றைக் கடித்துப் பாடம் படித்தால் போதும், மற்றதும் பிழைத்துக்கொள்கிறது. சேதம் பங்காகிறது. உயிரியலில் இன்றைக்கும் அவர் பெயரால்தான் இது வழங்குகிறது.

ரூவா கின்சி தெருவில் ஊர்வலம் பார்க்கும்போது அதுதான் நினைவுக்கு வந்தது. பொமரேனியர் பேத்தி, இத்தாலியர் பேரன், போலந்துக் குடும்பம், வடகிழக்கு பிரேசிலிலிருந்து ஆலை வேலைக்கு வந்த கறுப்பின இளைஞன், எல்லோரும் ஒரே உடை. முழு உடையில் வருகிறவர்களுக்கு விழா வாசலில் சலுகை என்ற ஏற்பாடு அதற்குக் கைகொடுத்திருக்கிறது. வெள்ளம் வரும் ஊரில், எவரும் தனியாக நின்று அடி வாங்காமலிருக்க ஒரு பொதுச் சட்டை.

ஊர்வலத்தில் எனக்குப் பிடித்தது துப்பாக்கி சுடும் சங்கத்தார். பச்சைக் கோட்டு, நெஞ்சு நிறையப் பதக்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் அந்த ஆண்டின் ராஜா. அவர்கள் சிரிக்காமல், அடி பிசகாமல் நடக்கிறார்கள். பின்னாலேயே பீர் வண்டி, இருபுறமும் நீளும் குவளைகளை நிரப்பிக்கொண்டே வருகிறது. ப்ளூமெனாவிலிருந்து 1959-ல் பிரிந்த பொமெரோடி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பொமரேனிய மொழி பேசும் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜனவரியில் அவர்களுக்கென்று தனி விழாவும் உண்டு. அதையும் ஒரு நாள் பார்க்க வேண்டும்.

*

குக்கா விற்ற அம்மாவிடம் கடைத்தெருவின் அளவைக் கேட்டேன். எண்ணைச் சொன்னார். பிறகு தானாகவே சொன்னார்: 2023-ல் விழா தொடங்கிச் சில நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது, ஆறு ஏறியது, விழாவை நிறுத்தி வைத்தார்கள், தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி திறந்து, விழா நாட்களை நீட்டித்தார்கள். "அணை இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்" என்றார். எந்த அணை என்று கேட்டேன். கையால் மேற்கே, மலைப்பக்கம் காட்டினார்.

அந்தக் கை காட்டிய திசையைப் பற்றி இரண்டு இரவு படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆற்றின் மேல்பகுதியில் மூன்று வெள்ளத் தடுப்பு அணைகள். தாயோவில் ஒன்று, இத்துப்பொராங்காவில் ஒன்று. மூன்றாவது வடக்கு அணை, ஜொசே பொய்த்தே ஊரில். வெள்ளத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே பிரேசிலில் கட்டியவற்றுள் இதுதான் மிகப் பெரியது. 1976-ல் தொடங்கி 1992-ல் முடிந்தது. ப்ளூமெனாவையும் கீழே உள்ள மற்ற ஊர்களையும் காக்க மதகை மூடுவார்கள். மூடினால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். ஏறுகிற இடம் ஷோக்ளெங் மக்களின் நிலம்.

ஷோக்ளெங்குகள் இந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகள். 17 பேர் இறங்கிய அந்தக் காடு அவர்களுடையதுதான். குடியேற்றம் பரவப் பரவ, அவர்களை வேட்டையாடக் கூலிப்படைகளை அமர்த்தினார்கள். படுத்திருந்த குடிசைகளுக்குள் விடியற்காலையில் புகுந்து வெட்டினார்கள். குழந்தைகளைப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1914-ல் அரசு அதிகாரி ஒருவர் சமாதானமாகத் தொடர்பு கொண்ட பிறகு, எஞ்சியவர்களை ஒரு காப்பு நிலத்தில் இருத்தினார்கள். அந்த நிலத்திலும் நல்ல விளைச்சல் பூமி ஆற்றோரச் சமவெளிதான். அணை வந்ததும் அது போயிற்று. மேட்டுச் சரிவுக்கு ஏறினார்கள். மழை பெய்தால் மண் சரியும் இடம். ஈடாக வாக்களித்த வீடுகளும் சாலைகளும் பாலங்களும் பல பத்தாண்டுகள் இழுத்தடிக்கப்பட்டன.

1988 அக்டோபரில், அரசியல் சாசனம் வந்த நாளில், கையில் இருந்த நிலத்துக்குத்தான் பழங்குடிகள் உரிமை கேட்கலாம் என்று ஒரு வாதம் பிரேசிலில் நெடுங்காலமாக ஓடியது. துரத்தப்பட்டவர்கள் அந்த நாளில் அங்கே இல்லை என்பதையே அவர்களுக்கு எதிரான சாட்சியாக்கும் வாதம். ஷோக்ளெங் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 21 அன்று அதைத் தள்ளியது. ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் அதே காலக்கெடுவைச் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டது. நீதிமன்றத் தீர்ப்புக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவில்தான் அக்டோபர் மழை. அக்டோபர் 8 அன்று போலீஸ் காவலோடு வடக்கு அணையின் மதகுகளை மூடினார்கள். மறித்து நின்ற ஷோக்ளெங்குகளில் சிலருக்குக் காயம். மூடுவதென்றால் அந்த மக்களுக்குப் படகு, குடிநீர், உணவு, மருத்துவம் எல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று நிபந்தனை விதித்திருந்தது. தண்ணீர் முதலில் வந்து சேர்ந்தது.

கீழே ஊர் தப்பியது. விழா மறுபடி திறந்தது.

*

இதை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாட்டியின் ஆட்டத்தைப் பார்த்து எனக்கு வந்த மகிழ்ச்சி உண்மையானது. அதைத் திரும்பப் பெறப் போவதில்லை. குக்கா அம்மா யாருக்கும் கெடுதல் நினைத்தவர் இல்லை. 1984-ல் அவருடைய அப்பா கூரைமேல் இரவைக் கழித்தவர். ஒரு நகரத்தையே மூழ்கவிட வேண்டும் என்று ஷோக்ளெங்குகளும் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது சாலை, பாலம், வீடு, மூடும் முன் தகவல், போன நிலத்துக்கு நிலம்.

மகிழ்ச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பழகிக்கொள்ளப் பார்க்கிறேன். ஒரே ஆறு, ஒரே மழை, ஒரே அக்டோபர். ஒரு கதவைச் சாத்துவதால் கீழே ஆட முடிகிறது, மேலே வீட்டுச் சாமான்களைச் சுமந்துகொண்டு சரிவில் ஏற வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்க மனம் மறுக்கிறது. ஒன்றை வைத்து மற்றதை மறைக்கவே பார்க்கிறது. ஆட்டத்தை நினைக்கும்போது சரிவை நினை, சரிவை நினைக்கும்போது ஆட்டத்தைச் சபிக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

விழாவின் முதல் நாள் மேயர் சுத்தியலால் அடித்து முதல் பீப்பாயைத் திறக்கிறார். பிறகு வாத்தியம், பிறகு கூட்டமாகக் குவளை உயர்த்தல். அந்தச் சுத்தியலுக்கு முன் ஒரு நிமிஷம் போதும். வடக்கு அணையில் இன்று நீர்மட்டம் என்ன, மதகு திறந்திருக்கிறதா, மேலே உள்ள கிராமங்களுக்குப் பாதை இருக்கிறதா என்று மேயர் மேடையில் வாசிக்கலாம். தெரு அளவை மனப்பாடமாகச் சொல்லும் ஊருக்கு இன்னும் ஓர் எண்ணை நினைவில் வைப்பது சிரமமே இல்லை. விற்கும் ஒவ்வொரு குவளை ஷோப்பியிலும் சில காசு அந்தச் சாலைக்கும் பாலத்துக்கும் ஒதுக்கலாம். இதை நான் யாசகமாகச் சொல்லவில்லை. வெள்ளத்தில் நின்றவர்களுக்காகத் தொடங்கிய விழா இது. மதகு மூடும் ஒவ்வொரு முறையும் வெள்ளத்தில் நிற்கிறவர்கள் ஜொசே பொய்த்தேயில் இருக்கிறார்கள்; 1984-ல் நீண்ட மேசைகளைப் போட்டது யாருக்காகவோ, அந்தப் பட்டியலில் அவர்களுக்கும் பெயர் உண்டு.